வளர்ச்சியும் கருவளமும்: இறைச்சிக்கோழி இனவிருத்தியில் ஒரு முரண்பாடு

இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோழிக்குஞ்சு ஒன்று இன்று ஐந்து அல்லது ஆறு வாரங்களில் இரண்டு கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையை அடைந்துவிடுகின்றது. அக்குஞ்சின் தாயும் அதே பரம்பரையில் வந்ததே. குஞ்சுக்குள்ள பசியும் வளரும் ஆற்றலும் தாய்க்கும் உண்டு. ஆயினும் அத்தாய்க்கோழிக்கு அது விரும்பும் அளவு தீன் கொடுக்கப்படுவதில்லை. கொடுத்தால் அது கொழுத்துவிடும். ஒழுங்கற்ற நேரங்களில் முட்டையிடும். இடும் முட்டைகளிற் பல அடைவைக்கத் தகுதியற்றனவாக இருக்கும். கோழியும் இளவயதிலேயே இறந்துபோகக்கூடும். குஞ்சு நிறைய உண்டு விரைவாக வளர வேண்டும் என்பதற்காக உருவாக்கப்பட்ட ஓரினம் தொடர்ந்து நிலைபெறுவதற்கு, அவ்வினத்தின் தாய்மார் அரைவயிற்றுடன் வாழவேண்டியுள்ளது.

இம்முரண்பாட்டைப் பண்ணை நிருவாகத்தின் குறைபாடு என ஒதுக்கிவிட முடியாது. இதன் வேர் பிறப்புரிமையியலில் உள்ளது. வளர்ச்சிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேடுகளிற் கருவளம் குன்றுவதற்கான காரணங்கள் எவை, அவற்றை ஆய்வாளர் எவ்வாறு கண்டறிந்தனர், அறிந்த பின்னரும் அக்குறை ஏன் களையப்படாமல் இருந்து வருகின்றது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரை நூற்றாண்டின் தேர்வு

இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் கோழியிறைச்சி பெரும்பாலும் முட்டை உற்பத்தியின் துணைப்பொருளாகவே கிடைத்தது. மிகுதியான சேவல்களும் முட்டையிட்டு ஓய்ந்த பேடுகளுமே உணவாயின. போர் முடிந்தபின் இந்நிலை மாறியது. ஐக்கிய அமெரிக்காவில் 1946 தொடக்கம் 'நாளைய கோழி' என்னும் பெயரில் நடத்தப்பட்ட போட்டிகள் மார்புத்தசை மிகுந்த, விரைந்து வளரும் கோழியை இலக்காகக் கொண்டன. அவற்றின் தேசிய இறுதிப்போட்டி 1948 இல் டெலவெயர் மாநிலத்தில் நடைபெற்றது. கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்ள்ஸ் வன்ட்ரெஸ் என்பவர் கோர்னிஷ் இனத்தையும் நியூஹம்சயர் இனத்தையும் கலந்து பெற்ற கோழிகள் அதில் வெற்றிபெற்றன. இறைச்சிக்கோழி தனியொரு பண்டமாகவும் தனியொரு பிறப்புரிமைப் பரம்பரையாகவும் பிரிந்துசென்ற காலம் இதுவெனலாம்.

இப்பிரிவின் விளைவை அளந்து பார்க்க முடிந்தமைக்குக் காரணம், பழைய இனங்கள் சில தேர்வுக்குட்படுத்தப்படாமல் ஆய்வு நிலையங்களிற் பேணப்பட்டு வந்தமையாகும். கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் இனங்களை ஒரே தீனூட்டி ஒருங்கே வளர்த்து 2014 இல் முடிவுகளை வெளியிட்டனர். 56 நாள் வயதில் அவற்றின் சராசரி நிறை முறையே 905 கிராம், 1808 கிராம், 4202 கிராம் ஆக இருந்தது. தீன் ஒன்றாகவே இருந்தமையால் இவ்வேறுபாடு பரம்பரையால் விளைந்தது என்பது தெளிவு. 2003 இல் வட கரோலைனாவில் வெளியான மற்றோர் ஒப்பீடும் 1957 இன் பின் ஏற்பட்ட வளர்ச்சி மாற்றத்தின் 85 முதல் 90 வீதம் வரையிலான பகுதியை இனத்தேர்வுக்கும், எஞ்சிய சிறு பகுதியைத் தீனின் முன்னேற்றத்துக்கும் உரியதாகக் கணித்தது.

உடல்நிறை தேர்வுக்கு எளிதில் இணங்கும் பண்பாகும். ஒரு பண்பிற் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றது என்பதைத் தலைமுறையுரிமை வீதம் எனக் கூறுவோமாயின், அவ்வீதம் உடல்நிறைக்கு உயர்வாகவும், கருக்கட்டல், பொரித்தல் ஆகியவற்றுக்கு மிகத் தாழ்வாகவும் இருப்பதைக் காணலாம். இதற்கான விளக்கத்தை ஆர். ஏ. பிஷர் 1930 இலேயே வகுத்திருந்தார். எச்சங்களின் தொகையை நேரடியாக நிருணயிக்கும் பண்புகளை இயற்கைத் தேர்வு எண்ணற்ற தலைமுறைகளாகச் சலித்தெடுத்து வந்துள்ளது. எனவே அவற்றிற் பயன்படுத்தத்தக்க வேறுபாடு சிறிதளவே எஞ்சியிருக்கும். இதனால் இனவிருத்தியாளர் கையில் நிறை விரைந்து ஏறுகின்றது; கருவளமோ, இறங்குவது எளிதாகவும் மீண்டும் ஏற்றுவது அரிதாகவும் உள்ளது.

சூலகத்தின் ஒழுங்கு

கருவளக் குறைவு எவ்வாறு நேர்கின்றது என்பதை அறிய, முட்டை உருவாகும் முறையை முதலில் நோக்குதல் வேண்டும். பேட்டுக்கோழியிற் பொதுவாக இடப்பக்கச் சூலகமும் இடப்பக்க முட்டைக்கானும் மாத்திரமே தொழிற்படுகின்றன. சூலகத்தில் ஆயிரக்கணக்கான சூல்கள் நுண்ணிய நிலையில் உள்ளன. ஒவ்வொரு சூலையும் சூழ்ந்து ஒரு கலவுறை உண்டு. சூலும் உறையும் சேர்ந்த இவ்வமைப்பைப் புடைப்பு என்பர். முட்டையிடும் பேட்டில் இப்புடைப்புகளுட் சில மாத்திரம் தெரிவு செய்யப்பட்டு மஞ்சட்கருவை விரைந்து சேர்க்கத் தொடங்குகின்றன. மஞ்சட்கருவுக்கு வேண்டிய கொழுப்பும் புரதமும் சூலகத்தில் ஆக்கப்படுவன அல்ல. ஈஸ்திரசன் ஓமோனின் தூண்டுதலால் ஈரல் அவற்றை ஆக்க, குருதி அவற்றைக் கொண்டுசெல்கின்றது.

ஒழுங்கான பேட்டிற் பெரிய மஞ்சட் புடைப்புகள் ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு வரை இருக்கும். அவை ஒரே பருமனுடையவை அல்ல. முதலாவது முற்றி நிற்க, இரண்டாவது அதற்குச் சற்றுச் சிறியதாகவும், மூன்றாவது அதனினும் சிறியதாகவும் படிவரிசையில் அமைந்திருக்கும். நாளொன்றுக்கு ஒன்றாக மூத்த புடைப்பு வெடித்துச் சூலை வெளிவிடும். அடுத்தது அதன் இடத்துக்கு உயரும். வெளிப்பட்ட சூல் முட்டைக்கானினுள் நுழைந்து, அங்கு விந்து இருக்குமாயின் சில நிமிடங்களுக்குள் கருக்கட்டப்படும். பின்னர் ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்தில் வெண்கருவையும், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் உள்மென்சவ்வுகளையும் பெற்று, ஓட்டுச் சுரப்பியில் இருபது மணித்தியாலம் வரை தங்கி ஓட்டைப் பெறுகின்றது.

முட்டைக்கான் ஒரே நேரத்தில் ஒரு முட்டையை ஆக்கவே அமைந்தது. எனவே புடைப்புகளின் படிவரிசை குலையுமாயின் முட்டை ஆக்கமும் குலையும். இறைச்சிக்கோழியின் கருவளப் பிரச்சினை முழுவதும் இவ்வொழுங்கைச் சுற்றியே அமைந்துள்ளது.

குறைவு அன்று, மிகை

வளர்ச்சிக்காக விருத்தி செய்யப்பட்ட பேடு குறைந்த முட்டைகளை இடுவதைக் கண்டவர்கள், அதன் சூலகம் குறைவாகத் தொழிற்படுகின்றது என்று கருதியிருத்தல் இயல்பே. 1968 இல் ஒகையோ அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாப், மியூர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமான காட்சியைக் காட்டியது. இறைச்சி இனப் பேடுகள் ஒழுங்கற்ற நேரங்களில் முட்டையிட்டன; ஓடற்ற முட்டைகளும் மெல்லோட்டு முட்டைகளும், ஒன்றையொன்று அழுத்தி உருச்சிதைந்த முட்டைகளும், இரு மஞ்சட்கரு கொண்ட முட்டைகளும் அவற்றிடையே மிகுந்திருந்தன. சூல்கள் குறைவாக வெளிப்படவில்லை; ஒரே நாளில் இரண்டாகவும் சில வேளைகளில் அதற்கு மேலாகவும் வெளிப்பட்டன.

1980களில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோவில் ஹொக்கிங்கும் அவருடன் பணியாற்றியோரும் மேற்கொண்ட ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தின. விரும்பியவாறு உண்ணவிடப்பட்ட இறைச்சி இனப் பேடுகளின் சூலகத்திற் பெரிய மஞ்சட் புடைப்புகள் பத்துக்கு மேற்பட்டுக் காணப்பட்டன. அவை ஒரு படிவரிசையில் அமையவில்லை. ஒரே பருமனுடைய இரண்டு மூன்று புடைப்புகள் இணையிணையாக நின்றன. ஒரே நாளில் முற்றும் இரு சூல்கள் ஒரே முட்டைக்கானுட் புகுந்து இரண்டும் கெடுகின்றன. சிலவேளை சூல் முட்டைக்கானைத் தவறவிட்டு வயிற்றறையுள் விழுகின்றது. தீன் மட்டுப்படுத்தப்பட்ட பேடுகளிலோ புடைப்புகளின் தொகை குறைந்து, படிவரிசையும் பெருமளவு மீண்டது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகின்றது. இப்பேடுகளின் மலட்டுத்தன்மை வறுமையால் வந்ததன்று. கட்டுப்பாடற்ற வளத்தால் வந்தது. பசியை மிகுவித்து, உண்டதை விரைந்து உடலாக மாற்றும் அதே உந்துதல், புடைப்புகளையும் அளவுக்கு மீறி வளரச் செய்கின்றது. அதற்கு மேல், பேடு மிகுதியாக உண்ணும்போது ஈரலிலும் குருதியிலும் கொழுப்புப் பெருகுகின்றது. அது ஈரலுக்கு மட்டுமன்றிப் புடைப்பின் உறைக் கலங்களுக்கும் நஞ்சாக அமைந்து, பல புடைப்புகளை முற்றுமுன்னரே சிதையச் செய்கின்றது.

ஒரு பரம்பரையலகு, பல விளைவுகள்

மேற்கூறியவை உடற்றொழிலியல் விளக்கங்கள். அவற்றின் பின்னால் பரம்பரையலகுகளே உள்ளன என்பதை நிறுவ மூன்று சான்றுகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் போல் சீகல் 1957 இல் ஆரம்பித்த நீண்ட பரிசோதனையாகும். வெள்ளைப் பிளிமத் ரொக் இனத்தின் ஒரே தொகுதியிலிருந்து இரு வழிகள் பிரிக்கப்பட்டன. ஒன்றில் 56 நாள் வயதில் நிறைமிக்க கோழிகளும், மற்றதில் நிறை குறைந்த கோழிகளும் தலைமுறைதோறும் பெற்றோராகத் தெரிவு செய்யப்பட்டன. நாற்பது தலைமுறைகள் கழிந்தபோது இரு வழிகளுக்குமிடையில் நிறை வேறுபாடு எட்டு மடங்குக்கு மேற்பட்டிருந்தது. நிறைமிக்க வழி அடங்காப் பசியுடையதாகித் தீன் மட்டுப்படுத்தப்பட வேண்டியதாயிற்று. அதன் பேடுகள் பல சூல்களை வெளிவிட்டும் நல்ல முட்டைகளைக் குறைவாகவே இட்டன. நிறைகுறைந்த வழியின் பேடுகளோ உணவில் நாட்டமிழந்தன; அவற்றுட் சில பருவமடைந்து முட்டையிடும் நிலையையே எட்டவில்லை. எத்திசையிற் சென்றாலும் கருவளம் குறைந்தது என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. பசிக்கும் இனப்பெருக்கத்துக்குமிடையே நிலவிய சமநிலை இருபுறத்திலும் குலைந்துபோயிற்று.

இவ்விரு வழிகளையும் கலந்து ஆராய்ந்தபோது, நிறை வேறுபாட்டுக்குக் காரணமான பெரும் பரம்பரையலகு ஒன்று தனியே அகப்படவில்லை. ஒவ்வொன்றும் சிறு விளைவுடைய பல அலகுகள், ஒன்றின் விளைவை மற்றொன்று மாற்றியமைக்கும் வகையிற் பின்னிக் கிடந்தன. 2010 இல் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஆய்வாளரும் அவர்தம் கூட்டாளிகளும் கோழியின் முழுப் பிறப்புரிமைத் தொகுதியையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், நிறைமிக்க வழியின் கோழிகளில் ஒரு பரம்பரையலகின் பெரும்பகுதி அற்றுப்போயிருந்தமை காட்டப்பட்டது. அவ்வலகு மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியில் தொழிற்படுவது. பசியையும், கபச்சுரப்பியின் வழியே இனப்பெருக்கத்தையும் ஆள்வது அப்பகுதியே என்பதை நினைவிற் கொண்டால், வளர்ச்சியை நோக்கிய தேர்வு கருவளத்தின் வாசலையே தட்டுகின்றது என்பது விளங்கும்.

இரண்டாவது சான்று குள்ளத்தன்மைக்குரிய பரம்பரையலகு. கோழிப் பிறப்புரிமையியலின் முன்னோடிகளுள் ஒருவரான கோர்னெல் பல்கலைக்கழகத்து எப். பி. ஹட் இதனை விவரித்தார். இது பால் நிருணய நிறமூர்த்தத்தில் அமைந்த பின்னிடைவான அலகு. வளர்ச்சி ஓமோனின் வாங்கியில் ஏற்பட்ட விகாரமே இதன் அடிப்படை என்பது 1990களில் தெளிவாயிற்று. ஓமோன் சுரந்தபோதும் அதனை ஏற்கும் வாங்கி பழுதுற்றிருப்பதால் உடல் முழுமையாக வளர்வதில்லை. பேட்டின் நிறை ஏறத்தாழ 30 வீதம் குறைகின்றது. இறைச்சி இனப் பேட்டில் இவ்வலகைப் புகுத்தியபோது நிறையுடன் சேர்ந்து மிகைப் புடைப்புகளும் குறைந்தன. பழுதான முட்டைகளும் குறைந்தன. வளர்ச்சியைத் தூண்டும் பாதையும் புடைப்புகளைப் பெருக்கும் பாதையும் ஓரிடத்திற் சந்திக்கின்றன என்பதற்கு இதனினும் நேரடியான சான்று வேண்டியதில்லை. ஒரே பரம்பரையலகு பல பண்புகளைப் பாதிக்கும் இந்நிலையைப் பல்பண்பு விளைவு என அழைக்கலாம். இனவிருத்தியாளர் உடல்நிறைக்கும் முட்டைத் தொகைக்குமிடையே காணும் மறை இணைபின் பெரும்பகுதி இதன் வெளிப்பாடேயாகும்.

மூன்றாவது சான்று கலிபோர்னியாவின் பேர்க்லியிலிருந்து வருகின்றது. அங்கு லேர்னர், டெம்ஸ்ரர் ஆகிய இருவரும் வெள்ளை லெகோர்ன் கோழிகளைக் காலெலும்பின் நீளத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வந்தனர். தொடக்கத்தில் விரைவாக நீண்ட கால்கள், பின்னர் நீள மறுத்தன. வேறுபாடு தீர்ந்துவிட்டமை இதற்குக் காரணமன்று என்பதை அவர்கள் 1951 இல் எடுத்துக்காட்டினர். மிக நீண்ட கால்களுடைய கோழிகள் குறைவான எச்சங்களையே விட்டுச் சென்றன. செயற்கைத் தேர்வு முன்னோக்கி இழுக்க, இயற்கைத் தேர்வு பின்னோக்கி இழுத்தது. லேர்னர் 1954 இல் எழுதிய நூலில் இதனைப் பிறப்புரிமைச் சமநிலை என்னும் கொள்கையாக விரித்தார். உயிரியின் பண்புகள் தனித்தனியே கழற்றி மாற்றத்தக்க உறுப்புகள் அல்ல. நீண்ட கூர்ப்பின் ஊடாக ஒன்றோடொன்று இணங்கி வந்தவை. ஒன்றை வலிந்து நகர்த்தினால் ஏனையவை இடம்பெயரும். இடப்பெயர்வின் விலையை முதலிற் செலுத்துவது கருவளமே.

துணைக் காரணங்கள்

மேலே கூறிய முதன்மைக் காரணத்துடன் வேறு சில பிறப்புரிமைக் காரணங்களும் சேர்ந்து இயங்குகின்றன.

அவற்றுள் ஒன்று உள்ளக விருத்தி. உறவுக் கோழிகளைத் தொடர்ந்து இணைசேர்க்கும்போது மறைந்திருந்த தீய எதிருருக்கள் இரட்டையாகச் சேர்ந்து வெளிப்படுகின்றன. அப்போது முதலிற் பாதிக்கப்படுவது முட்டை பொரிக்கும் வீதமாகும். கரு முட்டைக்குள்ளேயே மடிகின்றது. வணிக இனவிருத்தியில் இது அறியப்படாத ஆபத்தன்று. நான்கு தூய வழிகளைக் கலந்து கலப்பின வீரியத்தைப் பெறுவதன் மூலம் அதன் விளைவு இறுதிக் குஞ்சில் மறைக்கப்படுகின்றது. ஆயினும் தூய வழிகளின் அடித்தளம் குறுகியதே. 2008 இல் வெளியான உலகளாவிய ஒப்பீடொன்று, மூதாதை இனங்களிற் காணப்பட்ட பிறப்புரிமைப் பல்வகைமையில் அரைப்பங்கு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதி வணிகத் தூய வழிகளில் இல்லாதிருப்பதைக் காட்டியது.

மற்றொன்று ஒளிக்குத் துலங்கும் தன்மை. காட்டுக்கோழி பருவகாலத்துக்குரிய பறவை; நாளின் ஒளிநேரம் நீள்வதை உணர்ந்து இனம்பெருக்குவது. நீண்ட ஒளி தொடர்ந்தால் அதன் உடல் அத்தூண்டலை ஏற்க மறுக்கும் நிலையையும் அடையும். முட்டைக்காக ஆண்டு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்களில் இம்மறுப்பு ஏறத்தாழ மறைந்துவிட்டது. இறைச்சி இனங்களிலோ அது எஞ்சியுள்ளது என்பதைத் தென்னாபிரிக்காவில் லூயிஸ் முதலியோர் 2003 இல் எடுத்துக்காட்டினர். எனவே இறைச்சி இனப் பேட்டை இளவயதில் குறுகிய ஒளிநேரத்தில் வைத்து, உரிய வயதில் ஒளியை நீட்டாவிடின் அது பிந்தியே முட்டையிடத் தொடங்கும். இங்கு வளர்ச்சிப் பரம்பரையலகுகள் கருவளத்தைத் தாக்கவில்லை. கருவளம் தேர்வுக்கு இலக்காகாமையால் பழைய பண்பு அப்படியே நின்றுவிட்டது. புறக்கணிப்பும் ஒரு பிறப்புரிமைக் காரணமாகலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மூன்றாவது, கருக்கட்டல். பேட்டின் முட்டைக்கானில் விந்துக்களைத் தேக்கிவைக்கும் நுண்குழாய்கள் உள்ளன. ஒருமுறை இணைந்த பின்னர் பல நாட்களுக்குக் கருக்கொண்ட முட்டைகளை இட அவை உதவுகின்றன. இறைச்சி இனப் பேடுகளில் இக்காலம் முட்டை இனப் பேடுகளினதிலும் குறுகியது. வயது ஏற ஏற மேலும் குறுகும். சேவலின் பெருத்த உடலும் இணைசேர்தலுக்குத் தடையாகின்றது. இவ்வழியின் எல்லையை வான்கோழியிற் காணலாம்: அகன்ற மார்புடைய வணிக வான்கோழிகள் இயல்பாக இணைய இயலாதவையாகி, செயற்கை விந்தூட்டலினாலேயே பெருக்கப்படுகின்றன.

தனியொரு பரம்பரையலகின் பழுதினால் முழு மலட்டுத்தன்மை ஏற்படுதலும் உண்டு. வெள்ளை லெகோர்ன் இனத்தில் அறியப்பட்ட ஒரு விகாரம் மஞ்சட்கருப் பொருளைச் சூலினுள் ஏற்கும் வாங்கியைப் பழுதாக்குகின்றது. இவ்வலகு பால் நிருணய நிறமூர்த்தத்தில் அமைந்திருப்பதாலும், பேட்டில் அந்நிறமூர்த்தம் ஒன்றே இருப்பதாலும் ஒரு பிரதி போதும். பேட்டின் குருதியிற் கொழுப்புத் தேங்கி நிற்க, சூல் வளராது போகும். இத்தகைய பழுதைக் கொண்ட பேடு முட்டையிடாமையால் எளிதிற் கண்டறியப்படும். வளர்ச்சித் தேர்வின் விளைவோ நூற்றுக்கணக்கான சிறு அலகுகளிற் பரவிக் கிடப்பதால் எந்தவொரு கோழியையும் சுட்டி இதுவே நோயுற்றது என்று நீக்கிவிட முடியாது. இனம் முழுவதுமே அவ்விளைவைச் சுமக்கின்றது.

விலையைச் செலுத்துவது யார்?

இவ்வறிவு பல தசாப்தங்களாக நூல்களில் உள்ளது. அவ்வாறாயின் இனவிருத்தியாளர் வளர்ச்சியை ஏன் சற்று விட்டுக்கொடுக்கவில்லை? விடை எளிய கணக்கில் அடங்கியுள்ளது. ஒரு தாய்க்கோழி தன் வாழ்நாளில் இடும் முட்டைகளை 180 எனக் கொள்வோம். அவற்றுள் அடைவைக்கத் தக்கவை 170 ஆகி, நூற்றுக்கு 85 பொரிக்குமாயின் ஏறத்தாழ 145 குஞ்சுகள் கிடைக்கும். ஒவ்வொரு குஞ்சும் 100 கிராம் கூடுதலாக வளருமாயின் 14 கிலோகிராமுக்கு மேற்பட்ட இறைச்சி மிகுதியாகும். அவ்வளர்ச்சிக்காகத் தாய் ஐந்து குஞ்சுகளைக் குறைவாகத் தந்தாலும், இழப்பு ஐந்து ஒருநாட் குஞ்சுகளின் விலையளவினதே. தாயின் செலவு நூற்று நாற்பது பிள்ளைகளின் மீது பகிரப்படுகின்றது. பிள்ளையின் வளர்ச்சியோ ஒவ்வொன்றிலும் எண்ணப்படுகின்றது. சந்தையின் தராசில் வளர்ச்சி எப்போதும் கனமாகவும் கருவளம் இலேசாகவுமே நிற்கும். தேர்வு செய்வது இனவிருத்தியாளன் கை. தேர்வின் திசையை வகுப்பது இத்தராசு.

எனினும் கருவளம் முற்றாகக் கைவிடப்படவில்லை. தந்தை வழியில் வளர்ச்சியையும் மார்புத்தசையையும், தாய் வழியில் அவற்றுடன் முட்டைத் தொகையையும் கருத்திற்கொண்டு தேர்வு செய்யும் முறை கையாளப்படுகின்றது. ஆயினும் தாய் வழியும் குஞ்சுக்குத் தன் அரைப்பங்கு பரம்பரையலகுகளை வழங்குவதால் அதனை அதிகம் மெலியவிட முடிவதில்லை. எஞ்சும் இடைவெளியை நிரப்புவது தீன் கட்டுப்பாடு. வளரும் பருவத்தில் இப்பேடுகளுக்குக் கிடைப்பது அதே வயதில் அவை தாமாக உண்ணக்கூடியதன் நான்கிலொன்று முதல் மூன்றிலொன்று வரையான அளவே. எடின்பரோவில் 1990களில் நடந்த ஆய்வுகள், இப்பேடுகள் ஓயாது வெறுந்தரையையும் தீன்தொட்டியையும் கொத்துவதையும், தேவைக்கு மிஞ்சி நீரருந்துவதையும் பதிவு செய்து, அவை நாட்பட்ட பசியில் இருப்பதை உறுதிப்படுத்தின. கட்டுப்படுத்தினாற் பசி, கட்டுப்படுத்தாவிடின் நோயும் சாவும். துறைசார் ஆய்வாளரே இதனைத் தாய்க்கோழியின் முரண்புதிர் எனப் பெயரிட்டு எழுதியுள்ளனர். பரம்பரையலகுகளில் ஏற்பட்ட கடன் பேட்டின் வயிற்றிலிருந்து அறவிடப்படுகின்றது என்பதே இதன் பொருள்.

மாற்றுவழி இல்லை என்பதற்கில்லை. குள்ள அலகின் பால்வழிப் பாரம்பரியமே ஒரு வழியைத் திறந்துவிட்டது. குள்ளப் பேட்டைச் சாதாரண சேவலுடன் இணைத்தால், பெண்குஞ்சுகள் தமக்குரிய ஒரே பால் நிறமூர்த்தத்தைத் தந்தையிடமிருந்தே பெறுவதால் முழு வளர்ச்சியடைகின்றன; ஆண்குஞ்சுகளிற் பின்னிடைவான அலகு மறைந்துநிற்பதால் அவையும் ஏறத்தாழ முழு வளர்ச்சி பெறுகின்றன. தாய் சிறிதாயிருந்து குறைவாக உண்டு ஒழுங்காக முட்டையிட, பிள்ளை பெரிதாக வளர்கின்றது. பிரான்சிற் குள்ளத் தாய் வழிகள் இந்நோக்குடன் உருவாக்கப்பட்டன. அங்கு 1960களில் தோன்றிய 'செம்முத்திரை'க் கோழி முறை மெதுவாக வளரும் இனங்களையே ஏற்று, குறைந்தது 81 நாள் வளர்ப்பை விதித்துள்ளது. அத்தகைய இனங்களின் தாய்களை நிறைவாக உண்ணவிடுதலும் கூடுதலாக இயல்கின்றது. இங்கு மாறியது பரம்பரையலகு மாத்திரமன்று. எதற்கு விலை கொடுக்கப்படும் என்னும் விதியும் மாறியது.

இலங்கை போன்ற நாடுகளுக்கு இவ்விடயம் தொலைவிலுள்ள ஒன்றன்று. உலகின் இறைச்சிக்கோழிப் பரம்பரைகளின் பெரும்பகுதி இன்று இரண்டு பெருநிறுவனத் தொகுதிகளின் கையில் உள்ளது. இந்நாட்டு இறைச்சிக்கோழிகளின் மூதாதையரும் வெளியிலிருந்தே வருகின்றனர். நான்கு வழிக் கலப்பின் இறுதிக் குஞ்சிலிருந்து அதே தரமான அடுத்த தலைமுறையை விவசாயி தானே பெற முடியாது. கலப்பில் ஒன்றுசேர்ந்த அலகுகள் அடுத்த தலைமுறையிற் சிதறிப்போகும். விதைநெல்லைக் களஞ்சியத்திற் காத்து வைக்கும் உரிமை கோழி வளர்ப்பவனிடமிருந்து இவ்வாறு பிறப்புரிமையியல் வழியாகவே நீங்கிவிட்டது. 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியும், அதனையடுத்து 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்தமையும், தீனுக்கும் இனத்துக்கும் வெளியாரை நம்பியிருக்கும் கோழி வளர்ப்பின் நிலையை வெளிச்சமிட்டன.

முடிவாக

வளர்ச்சிக்காக விருத்தி செய்யப்பட்ட பேட்டின் கருவளக் குறைவு, ஓர் உறுப்பின் நோயுமன்று, ஒரு பரம்பரையலகின் பழுதுமன்று. பசியையும் வளர்ச்சியையும் ஆளும் பரம்பரையலகுகளே சூலகத்தின் ஒழுங்கையும் ஆள்வதால், ஒன்றை அளவிறந்து தூண்டியபோது மற்றது அளவிறந்து தூண்டப்பட்டுக் குலைந்தது. உள்ளக விருத்தியும் தேர்வின் புறக்கணிப்பும் அக்குலைவை மிகுவித்தன. பட்டினி அதனை மறைத்து வைத்திருக்கின்றது, மாற்றவில்லை.

ஆகவே இத்துறையில் எழுப்பப்பட வேண்டிய வினா, கோழியை மேலும் எவ்வளவு விரைவாக வளர்க்கலாம் என்பதன்று. இனத்தின் பெறுமதியைக் கணிக்கும்போது தாயின் நிறைவான உணவும், அதன் ஆயுளும், பல்வகைமையின் பாதுகாப்பும் எங்கே எண்ணப்படுகின்றன என்பதே அவ்வினா. பரம்பரையலகுகள் தேர்வுக்கு இணங்குபவை. எத்திசையில் தேர்ந்தாலும் அவை விடையளிக்கும். திசையை வகுக்கும் பொறுப்பு, கோழியின் உரிமையாளருக்கு மட்டுமன்றி அதனை உண்ணும் சமூகத்துக்கும் உரியதாகும்.